அப்பத்தாவின் பேரேட்டைத் தேடுங்கள், ஆச்சி

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து 52 வயதுப் பெண் ஒருவர் ஏழு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி பெயர்களையும் ஊரையும் நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

கணவர் நான்கு ஆண்டுகளுக்கு முன் இறந்துவிட்டார். மாமனார், மாமியார் முன்பே காலமாகிவிட்டார்கள். ஆண் பிள்ளை இல்லை. இரண்டு மகள்கள், மூத்தவர் மணமாகிச் சென்னையில் இருக்கிறார், இளையவருக்குத் தை மாதம் திருமணம். கணவர் வழியில் நான்கு பங்காளி வீட்டார் ஊர் அம்மன் கோயிலின் பரம்பரை அறங்காவலர்கள். ஆண்டுக்கு ஒரு வீடு என்று முறை சுற்றி வரும். வருகிற பங்குனியில் இவர் வீட்டு முறை. ஆனால் பங்காளிகள் கூடிப் பேசி, "அந்த வீட்டில் ஆண் இல்லை, அரைப் புள்ளிக்கு முறை கிடையாது" என்று முடிவுசெய்துவிட்டார்கள். (நகரத்தார் வழக்கில் மணமான தம்பதி ஒரு புள்ளி, துணையை இழந்தவரை அரைப் புள்ளி என்பார்கள். புள்ளிக் கணக்கு கோயில்வாரியாக; மணமான பெண் கணவரின் கோயில் புள்ளியாவார்.) முறை வேண்டுமானால் கொழுந்தனாரின் இரண்டாவது மகனைப் பிள்ளை கூட்டிக்கொள்ளச் (தத்தெடுக்கச்) சொல்கிறார்கள். அந்தப் பையனுக்கு 32 வயது, மனைவியும் குழந்தையும் உண்டு. அதோடு பெரிய வீட்டில் கணவருக்குரிய பங்கை விட்டுக்கொடுத்து ஒரு விடுதலைப் பத்திரம். மகள் திருமணத்தில் திருப்பூட்டும்போது (தாலி கட்டும்போது) இவர் வீட்டின் உள்ளே இரண்டாம் கட்டிலேயே இருந்துகொள்ள வேண்டுமாம். இசைகுடிமானத்தில் (இரு வீட்டார் எழுதும் திருமண ஒப்பந்தத்தில்) கொழுந்தனார் கையெழுத்திடுவாராம்.

கடிதத்தின் நடுவில் இன்னொன்றும் இருக்கிறது. சென்ற பிள்ளையார் நோன்பன்று வீட்டில் மூத்தவர் என்ற முறையில் இவர் இழையை (மாவில் திரியிட்டு ஏற்றி, சுடரோடு விழுங்கும் நோன்புப் பிரசாதத்தை) எடுத்து நீட்டியிருக்கிறார். கொழுந்தனார் வீட்டுப் பிள்ளைகளைக் கை நீட்ட விடாமல் ஒருவர் தடுத்துவிட்டார். "மாவில் எரிந்த சுடர் என் விரலைச் சுட்டது. யாரும் வாங்காததால் நானே விழுங்கினேன்" என்று எழுதியிருக்கிறார்.

அவர் கேட்பது: "சபரிமலைத் தீர்ப்பைக் காட்டி ஒரே வழக்கில் இதையெல்லாம் உடைக்க முடியுமா? மகள்கள் கல்யாணமாகி வேறு கோயில் புள்ளியாகிவிட்டால் சொத்தில் பங்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். எனக்காவது ஏதாவது உண்டா?"

அன்புள்ள ஆச்சிக்கு,

அந்த இழையைப் பற்றிய வரியைத் தாண்டி உடனே மேலே படிக்க என்னால் முடியவில்லை. சட்டத்துக்குப் போவதற்கு முன் உங்கள் சமயத்துக்குள்ளிருந்தே ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். திலகவதியாருக்கு மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் இறந்துபோனார். தம்பிக்காக உயிர் தரித்து, திருவதிகைக் கோயிலில் அலகிட்டு, மெழுகி, மாலை தொடுத்துக் காலம் கழித்தார் அந்தப் பெண். சூலை நோயோடு வந்து விழுந்த தம்பி மருள்நீக்கியாருக்குத் திருநீறு கொடுத்தது அவர் கைதான். அந்தக் கையிலிருந்து வாங்கிப் பூசிக்கொண்ட பிறகுதான் அவர் திருநாவுக்கரசர் ஆனார். நகரத்தார் கோயில்களில் இன்றும் தேவாரம் ஓதுகிறார்கள். அப்பர் பதிகத்தை நெஞ்சுருகப் பாடிவிட்டு, துணையை இழந்த பெண்ணின் கையிலிருந்து இழை வாங்கக் கூடாது என்று பிள்ளைகளைத் தடுப்பவர் எந்த நூலைக் காட்டுவார்? உங்கள் வீட்டுக்குள் நோன்புக்கு இழை எடுத்துக் கொடுக்க உங்களுக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். வாங்கிக்கொள்ளும்படி மற்றவர்களைச் சட்டம் கட்டாயப்படுத்தாது; உங்கள் மகள்கள் வாங்கிக்கொள்வார்கள், அடுத்த நோன்புக்கு மருமகன்களும் வாங்கிக்கொள்ளட்டும்.

இனி உங்கள் கேள்விகள்.

கும்பிடுவது, பொறுப்பு வகிப்பது, சொத்து

இவை மூன்றையும் உங்கள் பங்காளிகள் ஒரே மூட்டையாகக் கட்டி 'வழக்கம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நீங்களும் அதே மூட்டையை ஒரே வழக்கால் அவிழ்க்க நினைக்கிறீர்கள். மூன்றுக்கும் தனித்தனி வாசல்.

கோயிலுக்குள் போய்க் கும்பிடுவதில் உங்கள் நிலை மிக உறுதியானது. ஈரோடு மாவட்டம் நம்பியூர் பகுதியில் கணவரை இழந்த ஒரு பெண்ணைக் கோயில் திருவிழாவுக்கு வரக் கூடாது என்று தடுத்தபோது, 2023 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதைக் கடுமையாகக் கண்டித்தது. ஒரு பெண்ணுக்குத் தன்னளவிலேயே மதிப்பும் அடையாளமும் உண்டு, அவை அவளுடைய மண நிலையைச் சார்ந்தவை அல்ல என்றும், தடுப்பவர்கள்மீது காவல் துறை நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றும் சொன்னது.

சபரிமலைத் தீர்ப்பை நம்பி இறங்காதீர்கள். 2018 செப்டம்பரில் ஐவர் அமர்வு நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மை. ஆனால் 2019 நவம்பரில் மறுஆய்வு மனுக்களின்போது, மத நடைமுறைகளில் நீதிமன்றம் எவ்வளவு தூரம் தலையிடலாம் என்ற கேள்விகள் பெரிய அமர்வுக்கு அனுப்பப்பட்டன. மேலும் அது நுழைவைப் பற்றிய வழக்கு. உங்களை யாரும் வாசலில் நிறுத்தவில்லை. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு பாலினப் பாகுபாடு கூடாது என்று சொல்வது முதன்மையாக அரசைப் பார்த்து. பங்காளிகள் கூட்டத்தை அதைக் கொண்டு நேரே கட்டிப்போட முடியாது. இதைச் சொல்வது உங்களைச் சோர்வடையச் செய்ய அல்ல. தவறான வாசலில் நின்று ஆறு ஆண்டுகளைத் தொலைத்த பெண்களை நீதிமன்றத் தாழ்வாரத்தில் பார்த்திருக்கிறேன்.

முறை யாருக்கு?

உங்கள் கோயில் ஊரார் எல்லோரும் வழிபடும் பொதுக் கோயில் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 1959-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு இந்து சமய அறநிலையச் சட்டம் பொருந்தும். அறங்காவலராக இருக்கத் தகுதியற்றவர்கள் யார் என்று அதன் 26-ஆம் பிரிவு பட்டியல் போடுகிறது. இந்து அல்லாதவர், திவாலானவர், மனநிலை பாதிக்கப்பட்டவர், ஒழுக்கக்கேடான குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர் என்று நீளும் அந்தப் பட்டியலில் 'பெண்' இல்லை. 'கணவரை இழந்தவர்' என்பதும் இல்லை. பரம்பரை அறங்காவலர் இல்லாத கோயில்களுக்கு அரசு அமைக்கும் அறங்காவலர் குழுவில் ஒரு பெண் இருந்தே ஆக வேண்டும் என்று 47-ஆம் பிரிவு சொல்கிறது.

பரம்பரைப் பதவி காலியானால் வாரிசு வரிசையில் அடுத்திருப்பவருக்கு அது சேரும் என்கிறது 54-ஆம் பிரிவு. அந்த வரிசையில் பெண் வரலாமா? கோயில் நிர்வாக உரிமை என்பது வெறும் கடமை மட்டுமன்று, அதில் சொத்துரிமையின் தன்மையும் கலந்திருக்கிறது, ஆகவே கணவருக்குப் பின் மனைவிக்கு அது இறங்கும் என்று உச்ச நீதிமன்றம் 1951-லேயே, அங்கூர்பாலா மல்லிக் வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்புக்கு எழுபது வயது கடந்துவிட்டது. 'ஆண் புள்ளி' பேசுகிறவர்களில் பலர் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

பூசை செய்யும் உரிமையே பெண்ணுக்கு மறுக்கப்பட முடியாதபோது நிர்வாகம் எம்மாத்திரம்? உசிலம்பட்டிப் பக்கத்துக் கோயில் ஒன்றில் தந்தைக்குப் பின் பூசாரியாகப் பணிசெய்த பின்னியக்காளைச் சிலர் தடுத்தபோது, 2008-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி சந்துரு அவருக்குப் பாதுகாப்பளிக்க உத்தரவிட்டார். 2023-இல் மூன்று பெண்கள் அறநிலையத் துறையின் பயிற்சிப் பள்ளியில் அர்ச்சகர் பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றார்கள்.

ஆனால் ஓர் இடத்தில் கவனம் வேண்டும். பரம்பரை அறங்காவலர் என்பதற்குச் சட்டம் தரும் விளக்கத்தில் வழக்கத்துக்கும் கோயிலை நிறுவியவர் விதித்த ஏற்பாட்டுக்கும் இடம் இருக்கிறது. 'ஆண் வாரிசு வழியே' என்று பழைய சாசனமோ நிர்வாகத் திட்டமோ தெளிவாகச் சொல்லியிருந்தால் உங்கள் பாதை கரடுமுரடாகும். வாயால் சொல்வது போதாது. வழக்கம் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்: பழமையானது, நிச்சயமானது, இடையறாமல் வருவது, நியாயமானது என்று. 1868-இல் இராமநாதபுரம் சேதுபதி வீட்டு வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில், தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம் எழுதிய நூலையும் மிஞ்சும் என்றது. வழக்கத்தைத் தூக்கிப் பிடிப்பவர்கள் எல்லோரும் அந்தத் தீர்ப்பைக் காட்டுவார்கள். அதிலுள்ள 'தெளிவாக நிரூபிக்கப்பட்ட' என்ற சொற்களை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஆச்சி, ஐந்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "ஆண்கள் எல்லாம் ரங்கூனில் இருந்த காலத்தில் என் கணவரின் அப்பத்தாதான் திருவிழா நடத்திக் கணக்கு எழுதினார்களாம்." உங்கள் வழக்கின் உயிரே அந்த வரியில்தான் இருக்கிறது. செட்டிநாட்டு ஆண்கள் கணக்குப் பார்க்கவும் கொண்டுவிக்கவும் (வெளிநாட்டில் வணிகம் செய்யவும்) போய் ஆண்டுக்கணக்கில் பர்மாவிலும் மலாயாவிலும் இருந்தபோது வீட்டையும் வட்டிக் கணக்கையும் கோயில் செலவையும் கட்டிக் காத்தவர்கள் ஆச்சிமார்கள். அப்போது இல்லாத தீட்டு இப்போது எப்படி வந்தது?

ஆனால் எதிர்த் தரப்பு வக்கீல் ஒன்று கேட்பார்: அப்பத்தா முறை பார்த்தது கணவர் உயிரோடு இருந்து, அவருக்குப் பதிலாகவா, அல்லது அவர் காலமான பிறகு தம் உரிமையிலா? முதலாவதென்றால் 'கணவர் சார்பில் பார்த்தார்' என்று தள்ளிவிடப் பார்ப்பார்கள். அப்போதும் பெண் கையால் நிர்வாகம் நடந்ததற்கு அது சாட்சி. இரண்டாவதென்றால் 'அரைப் புள்ளிக்கு முறை கிடையாது' என்ற வழக்கம் அப்பத்தா கையெழுத்திலேயே உடைந்துபோகிறது. ஆகவே அந்தப் பேரேட்டில் தேதியைப் பார்க்க வேண்டும். அப்பத்தாவின் கணவர் காலமான ஆண்டையும் பார்க்க வேண்டும்.

அதோடு இன்னொரு தாள். ஒவ்வொரு கோயிலுக்கும் 29-ஆம் பிரிவின்படி ஒரு பதிவேடு இருக்க வேண்டும். கோயிலின் வரலாறு, முன்னாள் இந்நாள் அறங்காவலர்களின் பெயர்கள், அப்பதவி யாருக்குப் பின் யாருக்கு என்ற வழக்கம், எல்லாம் அதில் எழுதப்பட வேண்டியவை. அறநிலையத் துறையிடம் நகல் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்திலும் கேட்கலாம். அதில் 'ஆண் மட்டும்' என்று இல்லையென்றால் பங்காளிகளின் பேச்சுக்குப் பாதி பலம் போய்விடும்.

தகராறு தீரவில்லையென்றால் 63-ஆம் பிரிவின்கீழ் உங்கள் வட்டாரத்து இணை ஆணையரிடம் மனு. அவரது முடிவை ஆணையரிடம் மேல்முறையீடு செய்யலாம். அதன் பிறகே சிவில் நீதிமன்றம். நேரே சிவில் நீதிமன்றம் போனால் 108-ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்ப வாய்ப்புண்டு. மனுவில் உங்கள் மகள்களும் வாரிசுகள் என்பதால் அவர்கள் இருவரும் உங்களை முன்னிறுத்தி எழுத்தில் ஒப்புதல் தரட்டும்.

இதிலுள்ள ஆபத்தையும் மறைக்க மாட்டேன். விசாரணை நீளும், வருகிற பங்குனிக்குள் முடியாது. தகராறு முடியும்வரை துறையே ஒரு தக்காரை (தற்காலிகப் பொறுப்பாளரை) நியமிக்கலாம். அப்போது இந்த ஆண்டு முறை உங்களுக்கும் இல்லை, அவர்களுக்கும் இல்லை. 'துறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்தவள்' என்ற பழி உங்கள்மீது விழும். அதனால் முதலில் மற்றப் பங்காளி வீடுகளுக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள்: என் வீட்டு முறையை நடத்த ஆயத்தமாக இருக்கிறேன், மறுப்பதானால் எந்த ஆவணத்தின்படி என்று எழுதித் தாருங்கள். வாயால் அடித்துச் சொல்கிறவர்கள் எழுதித் தரத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தில் சமரசம் பேச இடம் கிடைக்கும்.

பரிவட்டம், முதல் மரியாதை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பதவியோடு சேர்ந்த மரியாதை பதவியைத் தொடர்ந்து வரும். தனியே மரியாதைக்காக மட்டும் சண்டையிட வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

பிள்ளை கூட்டும் யோசனை

உங்கள் சமூகத்தில் வளர்ந்த, மணமான ஆணையும் பிள்ளை கூட்டும் வழக்கம் உண்டு. 1956-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம் 15 வயது கடந்தவரையும் மணமானவரையும் பொதுவாகத் தத்தெடுக்க முடியாது என்று சொன்னாலும், வழக்கம் இருந்தால் விலக்குத் தருகிறது. ஆனால் இன்னொரு நிபந்தனைக்கு வழக்கத்தின் பெயரால் விலக்கே இல்லை. ஒரு பெண் ஓர் ஆணைத் தத்தெடுத்தால் இருவருக்கும் குறைந்தது 21 வயது வித்தியாசம் இருக்க வேண்டும். உங்களுக்கு 52, அவருக்கு 32. அந்தச் சுவிகாரம் செல்லாது. எத்தனை பேர் சாட்சிக் கையெழுத்திட்டாலும், எத்தனை பந்தி விருந்து போட்டாலும் செல்லாது. பிறந்த தேதிகளைச் சான்றிதழில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வேறு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்தாலும் மூன்றை நினைவில் வையுங்கள். தத்தெடுப்பது உங்கள் சொந்த விருப்பம்; பழங்காலத்தில் கைம்பெண் தத்தெடுக்கப் பங்காளிகளின் சம்மதம் தேவைப்பட்டது, 1956-க்குப் பின் அது இல்லை. ஏற்கெனவே உங்களுக்கும் மகள்களுக்கும் வந்து சேர்ந்துவிட்ட சொத்தை, தத்து வந்தவர் பறிக்க முடியாது. முறைக்காகத்தான் தத்து என்றால், மேலே சொன்னபடி அந்த முறைக்கு ஆண் தேவை என்பதே இன்னும் நிரூபிக்கப்படவில்லை. நீங்கள் ஒரு பிள்ளையை ஆசையாகக் கூட்டிக்கொள்ள விரும்பினால் அது வேறு. உங்கள் கடிதத்தில் அந்த ஆசை எங்கும் தெரியவில்லை.

விடுதலைப் பத்திரம்

கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளிலும் வேண்டாம், 'சும்மா பட்டாவுக்காக' என்று நீட்டும் தாளிலும் வேண்டாம்.

மகள்கள் வேறு கோயில் புள்ளியாகிவிட்டால் பங்கில்லை என்று நீங்கள் உறுதியாக நம்புவது தவறு. இளையாத்தங்குடியில் பிறந்த பெண் மாத்தூர்ப் புள்ளியாவது கோயில் கணக்கு. சொத்துக் கணக்கு வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. 2005-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மகள் பிறப்பாலேயே மகனைப் போன்ற பங்குதாரர். திருமணம் அதை மாற்றாது. தந்தை அந்தத் திருத்தம் வந்த நாளில் உயிரோடு இருந்தாரா என்ற குழப்பத்தையும் 2020 ஆகஸ்டில் வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்துவைத்துவிட்டது. பூர்வீகச் சொத்தா, கணவர் தேடிய சொத்தா என்பதைப் பொறுத்து உங்கள் மூவருக்குள் விகிதம் மாறும். எப்படிக் கணக்குப் போட்டாலும், உயில் ஏதும் இல்லாத நிலையில், உங்கள் கணவரின் பங்கு நீங்களும் மகள்களும் ஆகிய மூவருக்குத்தான். அதில் கொழுந்தனாருக்கு ஒரு தூணும் கிடையாது.

உங்கள் சிவகங்கைச் சீமையிலேயே இதற்கு ஒரு முன்னோடி உண்டு. ஜமீன்தாருக்கு ஆண் வாரிசு இல்லாதபோது அண்ணன் பிள்ளைகள் ஜமீனைக் கைப்பற்றிக்கொண்டார்கள். மகள் காத்தம நாச்சியார் விடவில்லை. வழக்கு லண்டன்வரை போயிற்று. அது தந்தை தாமே பெற்ற சொத்து, மகளுக்கே சேரும் என்று 1863-இல் பிரிவி கவுன்சில் சொன்னது. பெண்ணுக்குச் சொத்துரிமைச் சட்டம் எதுவும் இல்லாத காலம் அது.

தை மாதத் திருமணம்

இங்கே சட்டத்துக்கு வேலை குறைவு. தாய் எங்கே நிற்க வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. மகள் மேஜர், அவள் "ஆத்தா பக்கத்தில் நிற்க வேண்டும்" என்று சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு மேல் யார் சொல் வேண்டும்? முதலில் சம்பந்தி ஆச்சியிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள். பங்காளிகள் வழியாகச் செய்தி போகவிடாதீர்கள். பல வீடுகளில் மறுப்பு சம்பந்தி வீட்டிலிருந்து வருவதே இல்லை. 'அவர்கள் என்ன நினைப்பார்களோ' என்று நம் வீட்டார் கட்டிய சுவர்தான்.

இசைகுடிமானம் இரு வீட்டுச் சம்மதத்தை எழுதிவைக்கும் அருமையான மரபு. உங்கள் கையெழுத்தோடு எழுதிவாருங்கள். கொழுந்தனாரும் விரும்பினால் கீழே போடட்டும். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து வரும் மாலைக்கு உங்கள் பெயரிலேயே எழுதிக் கேளுங்கள். சட்டப்படியான சான்று எதுவென்றால், 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் செய்யும் திருமணப் பதிவுதான். அதை மறக்காதீர்கள்.

திருப்பூட்டும்போது முன்னால் நிற்க உங்களுக்கே மனம் தயங்குவதாகவும், "என் கண் பட்டுவிடுமோ" என்று பயப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐம்பது ஆண்டுகளாகக் காதில் விழுந்த சொல் ஒரே நாளில் இறங்காது என்பது எனக்குத் தெரியும். நான் வாதாடி அதை இறக்கிவைக்க முடியாது. பெற்று வளர்த்து, இருபத்தைந்து ஆண்டுகள் கண்ணிமைக்குள் வைத்துக் காத்த பெண்ணுக்கு உங்கள் கண்ணால் என்ன கெடுதல் வந்தது என்று மட்டும் யோசித்துப் பாருங்கள்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி, வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. மாவட்ட ஆணைக்குழுவிலோ வட்டக் குழுவிலோ வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் போதும். வாரிசுச் சான்றிதழ், வில்லங்கச் சான்று இரண்டையும் இந்த மாதமே வாங்கிவிடுங்கள்.

வளவறையில் அப்பத்தாவின் பெட்டகம் இன்னும் இருக்கிறது, சாவி உங்களிடம்தான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூத்த மகள் வரும்போது இருவருமாகத் திறந்து பாருங்கள். பேரேடு கிடைத்தால் யாரிடமும் 'பார்த்துவிட்டுத் தருகிறேன்' என்று கொடுத்துவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் படம் எடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். திருவிழாக் கணக்கின் தேதியையும், அப்பத்தாவின் கணவர் காலமான ஆண்டையும் எனக்கு எழுதுங்கள். மனுவின் முதல் பத்தியை அங்கிருந்து தொடங்கலாம்.